கண்ணாடிக்குள் ஒரு குளம்

பள்ளிக்கூடத்தில் அந்தச் சோதனையைச் செய்து பார்க்காதவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஒரு கண்ணாடிக் குவளையில் குளத்து நீர். அதில் ஒரு பிடி ஹைட்ரில்லாக் கொடி. அதன்மேல் கவிழ்த்து வைத்த புனல். புனலின் காம்பின்மேல் நீர் நிரம்பிய ஒரு சோதனைக் குழாய். வெயிலில் கொண்டுபோய் வைத்தால் சிறிது நேரத்தில் முத்து முத்தாகக் குமிழிகள் கிளம்பும். வாயு சேர்ந்ததும் ஆசிரியர், அணையப் போகும் குச்சி ஒன்றைக் குழாய்க்குள் நீட்டுவார். அது சுடர்விட்டு எரியும். பிராணவாயு என்று நோட்டில் எழுதிப் படமும் போட்டுவிட்டு, கொடியைச் சாக்கடையில் கொட்டிவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடினோம்.

அப்படிக் கொட்டாமல், நீர்க்கொடிகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டு, அவற்றோடு உயிர்களையும் வாழவிட்டு, நாள்தோறும் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு மனிதரைப் பற்றியது இந்தக் கட்டுரை. இன்று உலகம் முழுவதும் வீட்டு மீன்தொட்டிக்கு அக்வேரியம் என்ற பெயர் வழங்குகிறதே, அதை வழக்கில் நிலைக்கச் செய்தவர் அவர்தான். பெயர் பிலிப் ஹென்றி கோஸ். நமக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் சாம்பாரில் போடும் கோஸ்தான் நினைவுக்கு வரும். அதற்கு அவர் பொறுப்பல்லர்.

கோஸ் 1810-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் இங்கிலாந்தில் வூஸ்டர் நகரத்தில் பிறந்தார். தந்தை தாமஸ் கோஸ், சிறிய அளவில் மனித உருவங்களைத் தீட்டும் சித்திரக்காரர். ஊர் ஊராய்ப் போய்ப் படம் வரைந்து பிழைத்தவர். ஆகவே வீட்டில் வறுமைக்குப் பஞ்சமில்லை. குடும்பம் தென்கரையிலுள்ள பூல் என்ற துறைமுக ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பிலிப்பின் அத்தை ஒருத்தி இருந்தாள். கடற்பாறைகளில் பூப்போல் விரிந்து ஒட்டிக் கிடக்கும் கடற்சாமந்தியைப் பிடித்து, கடல்நீர் ஊற்றிய பாத்திரத்தில் உயிரோடு வைத்துப் பார்க்கலாமே என்று சிறுவனுக்கு முதன்முதலில் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அவளுடைய மகன் தாமஸ் பெல் பிற்காலத்தில் பெயர்பெற்ற விலங்கியல் அறிஞரானார். பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள் செய்யாத காரியத்தைச் சில சமயம் ஓர் அத்தையின் சமையலறைப் பாத்திரம் செய்துவிடுகிறது.

கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. பதினைந்து வயதிலேயே ஒரு வியாபாரக் கிடங்கில் கணக்குப்பிள்ளை வேலை. 1827-இல், பதினேழு வயதில், அதே கணக்கு எழுதும் வேலைக்காகக் கப்பலேறி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்குப் போனார். காட் மீனும் கடல்நாய்த் தோலும் விற்கும் கார்பனியர் என்ற ஊர். பனியும் மீன் நாற்றமும் தவிர வேறொன்றும் இல்லாத அந்த இடத்தில் எட்டு ஆண்டுகள் பேரேட்டோடு உட்கார்ந்திருந்தார். 1832-இல் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பற்றிய ஒரு பழைய நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து பூச்சிகளைச் சேர்த்தார், வரைந்தார். தம் வாழ்க்கை அந்த ஆண்டில்தான் தொடங்கியது என்று பிற்காலத்தில் அவரே கருதினார். வரைவதற்குத் தந்தையிடம் கற்ற நுண்ணிய தூரிகைப் பழக்கம் கைகொடுத்தது. படம் விற்றுப் பிழைக்க முடியாத தந்தையின் கலை, மகனிடத்தில் விஞ்ஞானமாயிற்று.

அடுத்த சில ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். அவர் தோற்ற ஆண்டுகள் அவை. 1835-இல் கனடாவில் நிலம் வாங்கிப் பயிரிட்டார். மூன்று ஆண்டில் கையிருப்பெல்லாம் கரைந்தது. 1838-இல் அமெரிக்காவின் அலபாமாவில் பருத்தித் தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். காட்டில் பட்டாம்பூச்சிகள் ஏராளம். தோட்டத்தில் அடிமைகளின் முதுகில் சவுக்கும் ஏராளம். இரண்டாவதைப் பொறுக்க முடியாமல் 1839-இல் தாய்நாடு திரும்பிவிட்டார். திரும்பும் கப்பலிலேயே கனடாவின் இயற்கையைப் பற்றி ஒரு நூலை எழுதினார். அத்தை மகன் பெல்லின் உதவியால் அது 1840-இல் அச்சேறியது. பிறகு லண்டனில் ஒரு சிறு பள்ளிக்கூடம். பிறகு 1844 முதல் ஒன்றரை ஆண்டு ஜமைக்காத் தீவில் பறவை சேகரிப்பு. ஜமைக்காவின் பறவைகள் என்ற அவருடைய 1847-ஆம் ஆண்டு நூலின் முகப்புப் பக்கத்தில், தமக்குத் துணைபுரிந்த ரிச்சர்டு ஹில் என்ற கலப்பின ஜமைக்கா அறிஞரின் பெயரையும் அவர் பொறித்தார். அந்தக் காலத்து வெள்ளையர் பலர் செய்யத் துணியாத நேர்மை அது.

1848-இல் எமிலி போவ்ஸ் என்ற பெண்மணியை மணந்தார். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. மதத் துண்டுப் பிரசுரங்கள் எழுதிப் பெயர் பெற்றவள். இருவரும் பிரதரன் சபை என்ற கண்டிப்பான கிறிஸ்தவக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1849 செப்டம்பரில் ஒரே மகன் எட்மண்ட் பிறந்தான். அன்றைய நாட்குறிப்பில் தந்தையார் மகன் பிறந்ததை எழுதி, கையோடு ஜமைக்காவிலிருந்து ஒரு பச்சைத் தகைவிலான் குருவி வந்து சேர்ந்ததையும் எழுதிவைத்தார். இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கிடையாது. ஆனால் இரண்டு செய்தியையும் மகிழ்ச்சியோடுதான் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த 1849-ஆம் ஆண்டில்தான் நம் கதை குளத்துக்கு வருகிறது. ரோட்டிஃபர் என்று ஒரு நுண்ணுயிர் உண்டு. தலையைச் சுற்றிய மயிரிழைகள் அசையும்போது சக்கரம் சுழல்வது போலவே தெரியும். கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பிராணியைத் தேடி கோஸ் லண்டனைச் சுற்றியிருந்த குட்டைகளிலிருந்து நீர் மொண்டு வந்தார். வெறும் நீரைப் பாட்டிலில் வைத்தால் இரண்டு மூன்று நாளில் நாறிப்போகும். உள்ளே இருப்பவை மடிந்துபோகும். அதனால் நீர்த் தாவரங்களையும் சேர்த்தே வளர்த்தார். நாடாப் போல நீண்ட இலையுடைய வாலிஸ்னேரியா, இறகு இறகாய்ப் பிரிந்த மிரியோஃபில்லம், காரா, நைடெல்லா ஆகிய பாசிகள். இவையெல்லாம் கண்ணாடிச் சாடிகளில் சன்னலோரம் நின்றன. செடி இருந்த சாடியில் நீர் கெடவில்லை. ரோட்டிஃபர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருகின.

காரணம் புதிதன்று. எரிந்தணைந்த மெழுகுவத்தியால் கெட்டுப்போன காற்றை ஒரு புதினாக் கிளை திருத்திவிடுகிறது என்பதை 1771-இலேயே பிரீஸ்ட்லி கண்டிருந்தார். வெளிச்சம் பட்டால்தான் இலை அவ்வாறு செய்யும் என்று இங்கென்ஹௌஸ் 1779-இல் காட்டினார். மீன் விடும் கரியமிலவாயுவைச் செடி வாங்கிக்கொள்கிறது. செடி விடும் பிராணவாயுவை மீன் வாங்கிக்கொள்கிறது. ஏட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வீட்டுத் தொட்டியில் அதை நடத்திக் காட்டுவதில்தான் சிக்கல்.

சிக்கலை அவிழ்த்த பெருமையில் ராபர்ட் வாரிங்டன் என்ற லண்டன் ரசாயன நிபுணருக்கும் பங்கு உண்டு. அவர் அதே 1849-இல் பன்னிரண்டு காலன் தொட்டி ஒன்றில் வாலிஸ்னேரியாவை நட்டு இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். சில நாள் நன்றாய்ப் போயிற்று. பிறகு உதிர்ந்த இலைகள் அழுகின; நீர் கலங்கிற்று; கண்ணாடியெங்கும் பச்சை படர்ந்தது. செடியும் மீனும் மட்டும் போதவில்லை! குளத்தில் யார் இந்த அழுகலைத் தின்கிறார்கள் என்று யோசித்து, ஐந்தாறு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். நத்தைகள் அழுகலையும் பாசியையும் தின்று தீர்த்தன, நத்தையின் முட்டைகளை மீன் தின்றது, தொட்டி தெளிந்தது. 1850-இல் இதைக் கெமிக்கல் சொசைட்டியில் அவர் படித்தார். குளத்திலிருந்து செடியை மட்டும் எடுத்தால் போதாது, குளத்தின் ஒழுங்கையும் சேர்த்து எடுத்துவர வேண்டும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொட்டி நீருக்குப் பிராணவாயு செடியிடமிருந்து மட்டும் வருவதில்லை; நீரின் மேற்பரப்பு வழியாகக் காற்றிலிருந்தும் கரைகிறது. மீனின் கழிவில் பிறக்கும் நச்சான அம்மோனியாவை, மணலிலும் இலையிலும் குடியேறும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன; அதைச் செடி உரமாக எடுத்துக்கொள்கிறது. வேடிக்கை என்னவென்றால், மண்ணில் நடக்கும் இதே மாற்றத்தை ராத்தம்ஸ்டெட் பண்ணையில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்களில் ஒருவர், அந்த வாரிங்டனின் மகனே.

கோஸுக்குத் திரும்புவோம். ஓயாத எழுத்து வேலையால் உடல் தளர்ந்து, 1852 தொடக்கத்தில் குடும்பத்தோடு டெவன்ஷயர் கடற்கரைக்குப் போனார். குளத்துக் கொடி செய்ததைக் கடற்பாசி செய்யாதா என்ற கேள்வி அங்கே அவரைப் பற்றிக்கொண்டது. வாரிங்டனும் அதே கேள்வியில் தனியே ஈடுபட்டிருந்தார். கடற்பாசியில் ஒரு தொல்லை உண்டு. அதற்கு வேர் கிடையாது. பாறையைப் பற்றியிருக்கும் அடியைப் பிய்த்தால் பாசி அழுகிவிடும். ஆகவே கோஸ் சுத்தியலும் உளியுமாகப் புறப்பட்டார். மார்பளவு நீரில் இறங்கி நின்று, பாசி ஒட்டிய பாறைத் துண்டைப் பாசியோடு பெயர்த்து எடுத்துவந்தார். பழுப்புப் பாசிகள் வழவழப்பை விட்டு நீரைக் கெடுத்தன. பச்சையும் சிவப்புமானவை நிலைத்தன. கண்ணாடியில் படரும் பச்சையை மேய்வதற்குக் கடல் நத்தைகளை விட்டார். நத்தையின் நாக்கு அரம் போன்றது. அது கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டு போகும் தடம், அரிவாள் போன வயல் போல வரிவரியாய் இருப்பதை மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்து எழுதினார். அதை எழுதுவதற்கு வேண்டிய பொறுமையை நினைத்தால் நமக்குத் தலை சுற்றுகிறது.

1853 மே மாதத்தில் லண்டன் விலங்குக்காட்சி சாலையில் கண்ணாடித் தொட்டிகளாலான மீன் மாளிகை திறக்கப்பட்டது. பொதுமக்களுக்கென்று உலகில் எழுந்த முதல் மீன்காட்சி அதுவே. அதற்கு உயிர்களைச் சேகரித்து அனுப்பியவர்களில் கோஸ் முக்கியமானவர். 1854-இல் அக்வேரியம் என்ற பெயரிலேயே அவருடைய நூல் வந்தது. லத்தீன் மொழியில் அது மாடுகள் தண்ணீர் குடிக்கும் இடத்தைக் குறித்த சொல். நூலில் அவர் கையால் வரைந்த வண்ணப் படங்கள் இருந்தன. கண்ணாடிமீதிருந்த வரியை அரசாங்கம் 1845-இல் நீக்கிவிட்டதால் கண்ணாடி மலிந்திருந்தது. ரயில் வண்டி கடற்கரைக்கு ஓடியது. கடலில்லாத ஊர்க்காரர்களுக்காக, சமையலுப்பு முதலிய நான்கு உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் கோஸ் வெளியிட்டார். இனி என்ன தடை? கூடத்தில் பியானோ இருக்கும் வீடுகளிலெல்லாம் ஒரு கடல்தொட்டியும் வந்து உட்கார்ந்தது. 1856-இல் கல்லூரி வாசல் மிதிக்காத அந்தக் கணக்குப்பிள்ளையை ராயல் சொசைட்டி தன் உறுப்பினராக ஏற்றது.

உச்சிக்கு ஏறியவுடன் சரிவும் வந்தது. எமிலிக்கு மார்பில் புற்றுநோய். அறுவைக்குப் பதிலாக ஓர் அமெரிக்க வைத்தியர் அரிக்கும் களிம்பைத் தடவும் சிகிச்சை செய்தார். மாதக்கணக்கில் வதைபட்டு 1857 பிப்ரவரியில் அவள் இறந்தாள். மகனுக்கு ஏழு வயது. அதே ஆண்டின் பிற்பகுதியில் கோஸ் ஆம்ஃபலாஸ் என்ற நூலை வெளியிட்டார். கிரேக்க மொழியில் தொப்புள் என்று பொருள். பூமி பல கோடி ஆண்டுப் பழமையுடையது என்று பாறைகள் சொல்கின்றன. வேதமோ ஆறு நாள் படைப்பைச் சொல்கிறது. இரண்டையும் விட மனமில்லாத அவர், கடவுள் உலகத்தைப் படைக்கும்போதே பழமையின் அடையாளங்களோடு படைத்தார் என்று வாதாடினார். தாய் வயிற்றில் பிறக்காத ஆதாமுக்குத் தொப்புள் இருந்தது போலத்தானாம்! விஞ்ஞானிகள் சிரித்தார்கள். பக்தர்களோ, கடவுள் பாறையில் பொய் எழுதினார் என்று ஆகிறதே என்று முகம் சுளித்தார்கள். அவரைப் புகழ்ந்து எழுதியிருந்த நண்பர் சார்லஸ் கிங்ஸ்லியே ஏற்கவில்லை. இரு தரப்பாரையும் சமாதானம் செய்ய எழுதிய நூல் இரு தரப்பாராலும் கைவிடப்பட்டது.

அவர் லண்டனை விட்டு டெவன்ஷயரின் செயிண்ட் மேரிசர்ச்சில் குடியேறினார். மகனை மிகக் கடுமையான பக்தியில் வளர்த்தார். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் செய்த இனிப்பைக்கூடப் பாவமென்று குப்பையில் எறிந்த வீடு அது. ஆனால் பாறைக் குட்டைகளின் ஓரத்தில் தந்தையும் மகனும் மண்டியிட்டு நின்ற வேளைகளில் அந்தக் கடுமை கரைந்துவிடும். 1858 முதல் 1860 வரை வெளிவந்த கடற்சாமந்திகளைப் பற்றிய அவருடைய பெருநூல் அந்த வேளைகளின் பயன். 1860-இல் எலிசா பிரைட்வென்னை மணந்த பிறகு வீட்டில் மீண்டும் அமைதி வந்தது.

இதற்கிடையில் கடற்கரை மாறிக்கொண்டிருந்தது. கோஸின் நூலைப் படித்தவர்கள் கூடையும் உளியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். விற்பனைக்காகச் சேர்ப்பவர்களும் வந்தார்கள். பாறையோடு பெயர்த்தெடுங்கள் என்று அவர் சொன்னதை அப்படியே செய்தார்கள். எந்தப் பாசியை எப்படி எடுக்கலாம் என்று அவர் விரிவாக எழுதியிருந்தார். எவ்வளவு எடுக்கலாம் என்று எழுதத் தோன்றவில்லை. ஓர் ஆள் உளியோடு நின்ற கரையில் ஆயிரம் பேர் உளியோடு நிற்பார்கள் என்று யார்தான் கண்டார்? கொண்டுபோனவற்றில் பெரும்பகுதி சில வாரங்களில் மடிந்தது. இன்னும் வேண்டுமென்று மீண்டும் வந்தார்கள். ஊழிக்காலமாகக் கைபடாமல் கிடந்த குட்டைகள் சில ஆண்டுகளில் வெறும் பாறையாயின. எட்மண்ட் பிற்காலத்தில் பெரிய இலக்கிய விமரிசகராகி, 1907-இல் தந்தையும் மகனும் என்ற நூலை எழுதினார். தாம் சிறுவயதில் கண்ட அந்த அழகு வளையம் அழிந்துபோனதை அதில் துயரத்தோடு கூறுகிறார். அழிவுக்குத் தம் நூல்களே காரணமாயின என்பதைத் தந்தையும் உணர்ந்து மனம் நொந்தார் என்றும் எழுதுகிறார்.

பாறைப் பாசிபோல் குளத்துக் கொடி எளிதில் ஒழிந்துபோவதில்லை என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். உண்மைதான், அதன் ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வருகிறது. நம் பள்ளிச் சோதனையின் அதே ஹைட்ரில்லாவை 1950-களில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஃப்ளோரிடாவில் ஒரு வியாபாரி, சரக்கு திருப்தியாயில்லை என்று அதைக் கால்வாயில் போட்டார். ஒரு கணுத் துண்டு போதும் அதற்கு, முழுக்கொடியாக. இன்று அந்த மாநிலத்து ஏரிகளில் அதை அகற்றப் பெரும்பணம் செலவாகிறது. அழகுக்காக இங்கே கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்பது ரயில் சன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். நம் விடுதி அறைகளில் ஊறுகாய் பாட்டிலில் கொடி வளர்க்கும் நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். தேர்வு முடிந்து ஊருக்குப் புறப்படும் நாளில் அந்தப் பாட்டிலை எங்கே கவிழ்ப்பது என்று அவர்கள் இப்போதே யோசித்து வைப்பது நல்லது. வெயிலில் காயவைத்துக் குப்பையில் போட்டால் ஒரு கேடும் இல்லை.

கோஸ் முதுமையில் கடலைவிட்டுச் சிறிது விலகினார். கண்ணாடிக் குடிலில் ஆர்க்கிட் செடிகளை வளர்த்தார். இரவில் தொலைநோக்கியில் விண்மீன் பார்த்தார். கடைசியில் மீண்டும் குளத்து நீருக்கே வந்து சேர்ந்தார். பல இடங்களிலிருந்து நண்பர்கள் சிறு குழாய்களில் குட்டைநீரை அஞ்சலில் அனுப்பினார்கள். ஒரு துளியில் ஓர் உலகம். கொஞ்சம் எடுத்தால் எந்தக் குட்டையும் ஏழையாகிவிடாது. ஹட்சன் என்ற அறிஞரோடு சேர்ந்து அவர் உழைத்த ரோட்டிஃபெரா என்ற நூல் 1886-இல் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. அப்போது அவருக்கு எழுபத்தாறு வயது.

தாம் சாவதற்கு முன்பே கிறிஸ்து மீண்டும் வருவார், தாம் மரணத்தைக் காண வேண்டியிராது என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார். ஒரு குளிர்கால இரவில் திறந்த சன்னலோரம் தொலைநோக்கியோடு நின்றதில் மார்புச்சளி பிடித்தது. அதிலிருந்து அவர் தேறவில்லை. 1888 ஆகஸ்டு 23-ஆம் நாள் செயிண்ட் மேரிசர்ச்சில் காலமானார். ரோட்டிஃபெரா நூலின் பிற்சேர்க்கை அவர் இறந்த மறு ஆண்டு வெளிவந்தது.